மடியில் ஒரு மணி நேரம்

குழந்தை தூங்கிவிட்டது. மொட்டையடிக்கும்போது ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, அழுகை தீர்ந்ததும் இரண்டு விக்கல் விட்டு, அப்படியே காசிராஜனின் இடது கையில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டது. தலையில் அப்பிய சந்தனம் காயக் காய வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தது. அவன் வேட்டியெல்லாம் சந்தனம். காது குத்துகிற ஆசாரி இன்னும் வரவில்லை. முகூர்த்த நாள், கோயிலின் தகரக் கொட்டகைக்குள் இன்னும் இரண்டு குடும்பம் அந்தக் கோடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது, ஆசாரி ஒருவர்தான். பன்னிரண்டு மணி வரைக்கும் நல்ல நேரம் இருக்கு, அதுவரைக்கும் ஆடாம அசையாம ஒக்காரு என்று சொல்லிவிட்டு அம்மா பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆடாமல் அசையாமல்! இருபத்தைந்து வருஷத்தில் அம்மா கேட்டு அவன் கொடுக்காத ஒரே பொருள் அதுதான். பள்ளிக்கூடத்தில் அவனைக் கடைசி பெஞ்சில் போட்டதற்குக் காரணம் படிப்புகூட இல்லை, முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிறவனுக்குப் போர்டு தெரியாது, தலை அப்படி ஆடும். இப்போது பாருங்கள், கால் மரத்துப் போய் அரை மணி ஆகிறது, இடது தோளில் ஒரு எறும்பு சட்டைக்குள் புகுந்து நிதானமாக ஊர்வலம் போகிறது, அவன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான். கல்லு மாதிரி என்பது வெளியில் பார்க்கிறவர்களுக்கு. உள்ளே வழக்கம்போலச் சந்தைதான்.

இதழினி, பதினோரு மாதம், அக்கா சுகப்பிரியாவின் மகள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது. அது இந்தப் பக்கத்தில் மாறாது. ஆனால் எந்தத் தாய்மாமன் என்பதில் கொஞ்சம் இடம் உண்டு, அந்த இடத்தில்தான் நவீன் நிற்கிறான். சித்தப்பா மகன். அவனும் சுகாவுக்குத் தம்பி முறைதான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரி, கொட்டகைத் தூணில் சாயாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், யாருக்காவது காலில் அடிபட்டால் உள்ளே இறங்கக் காத்திருக்கிற ஆட்டக்காரன் மாதிரி. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனை வரச் சொன்னது சுகாதான். நாற்பத்து மூன்று நாளைக்கு முன்னால் போனில் காசியிடம் சொன்னாள், காசி, நீதான்டா எம் பிள்ளைக்கு மாமன், ஆனா நீ ஒரு சொட்டு தொட்டுட்டு வந்தீன்னாலும் எனக்குத் தெரியும், அன்னைக்கு நான் நவீன் மடியிலதான் வைப்பேன், அழுதுக்கிட்டே வைப்பேன், ஆனா வைப்பேன். போனை வைத்த பிறகும் அந்த ‘ஆனா வைப்பேன்’ காதுக்குள்ளேயே இருந்தது. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், ரெண்டு பேரும் நாலு நாள் பேசாமல் இருந்து ஐந்தாம் நாள் சரியாகியிருக்கும். அவள் கத்தவில்லை, அதுதான் அவனைக் கவிழ்த்தது. நாற்பத்து மூன்று நாள். பல் வலிக்கிறவன் நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த எண்ணிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். மொட்டை முடிந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனிக் காதுதான்.

கீழே போடவில்லை. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தொட்டில் போட்ட அன்றைக்கு என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும், ஐயோ அந்தக் கூத்தா என்கிறார்கள், காசி குடித்துவிட்டு வந்தான் என்கிறார்கள், தொட்டிலிலிருந்து பச்சைப் பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்து எங்க வீட்டு மகாராணி என்று கூப்பாடு போட்டான் என்கிறார்கள், சுகாவின் மாமியார் பேச்சியம்மாள் பாய்ந்து வந்து அவன் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள் என்று அபிநயம் பிடித்துக் காட்டுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அவன் கீழே போடவில்லையே, அதை ஏன் ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை? அன்றைக்கு அவனுக்குச் சோகமா, கோபமா? ஒன்றுமில்லை. சந்தோஷம். அக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே அக்கா மூக்கு. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேராக, டிக்கியில் எப்போதும் பாட்டில் வைத்திருக்கிற அத்தை மகன் பார்த்திபனின் காருக்குப் போனான். கடுப்பு வந்தால் ஊற்ற வேண்டும், சந்தோஷம் வந்தால் ஊற்ற வேண்டும், ஒன்றுமே வரவில்லை என்றால் வரவைப்பதற்கு ஊற்ற வேண்டும், இதுதான் ஆறு வருஷமாகச் சட்டம். பேச்சியம்மாளின் கை எலும்பும் நரம்புமாக அவன் மணிக்கட்டில் பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது, குழந்தை கையை விட்டுப் போன பிறகு அவன் இரண்டு கையும் தலைக்கு மேலேயே வெறுமனே நின்றதும் ஞாபகம் இருக்கிறது. யாரோ சிரித்தார்கள். சுகா சிரிக்கவில்லை. கீழே போடவில்லை, அது வேறு விஷயம். எறும்பு இப்போது அக்குளுக்கு வந்துவிட்டது.

“என்ன மாப்ள, செலையாயிட்ட?”

பார்த்திபன்தான். இவனைவிட இரண்டு வயது மூத்தவன். கிடா வெட்டுகிற இடத்திலிருந்து வருகிறான், காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு, பக்கத்தில் வந்து குந்தியதும் சோம்புப் பாக்கை மீறிக்கொண்டு அந்த வாசனை. குழந்தை முகத்தை எட்டிப் பார்த்து, என் தங்கம் என்றான். உண்மையாகத்தான் சொன்னான், அவன் பாசத்தில் கலப்படம் கிடையாது, மற்ற எல்லாவற்றிலும் உண்டு. கையில் அரை லிட்டர் கலர் பாட்டில், கறுப்புக் கலர். அதைச் சீர்த்தட்டுக்கும் தாம்பூலப் பைக்கும் நடுவில் வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் செருகினான்.

“பாதிக்குப் பாதி. பாத்தாத் தெரியாது.”

“ஏய், எடுடா. அக்கா பாத்தாக் கொன்னுருவா.”

“உனக்குத்தான் மாப்ள. காது குத்தும்போது கை நடுங்கக் கூடாதுல்ல? பிள்ளை தலையப் புடிக்கணும். ரெண்டே வாய், கை கல்லா நிக்கும். நாப்பது நாளா நீ விரதம் இருக்குறது எனக்குத் தெரியாதா? மனசு கேக்கலடா.”

“எடுத்துட்டுப் போ பார்த்தி.”

“இருக்கட்டும். வேணாம்னா விட்டுரு,” என்று அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். புளியமரத்தடியில் கார் நின்றது, டிக்கி திறந்திருந்தது, சுற்றிலும் நாலு மச்சான்மார் கையில் பேப்பர் கப்போடு நின்றார்கள். அதுவும் ஒரு கோயில்தான், அங்கேயும் கூட்டம்தான்.

வேண்டாம் என்றால் விட்டுவிடு என்கிறான். விட்டுவிடுவது என்பது அப்படி ஒரு லேசான சாமான் என்று நினைப்பு. காசி குழந்தையின் காதைப் பார்த்தான். பொரி அளவு காது மடல், ஓரத்தில் பூனை முடி, நாவிதரின் கத்தி அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வலது பக்கம் திரும்பக் கூடாது என்று முடிவு செய்தான். முடிவு செய்தவுடன் வலது பக்கம் முழுவதும் பாட்டிலாகிவிட்டது. கண்ணால் பார்க்காமலே தெரிகிறது, மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடம் காலி, வெளியில் வியர்த்து நீர் முத்து கோத்து நிற்கிறது, ஒரு முத்து வழிந்து வாழைப்பழத்தில் இறங்குகிறது. எட்டினால் கைக்கு எட்டும். வலது கை சும்மாதான் இருக்கிறது, முழங்கால் மேல் கிடக்கிறது. எழுந்து போய்க் கொட்டிவிடலாம். எழுந்தால் குழந்தை முழிக்கும். முழித்தால் அழும். அழுதால் அம்மா வருவாள், என்னடா எங்கே போற என்பாள். அம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம். எடுத்தால் மூடியைத் திறந்து பார்ப்பாள், பார்த்தால் முடிந்தது, நான் குடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், நவீன்கூட நம்ப மாட்டான், காக்கா வெள்ளை என்று சொன்னாலே நம்புகிறவன் அவன். ஆகையினால் பாட்டில் அங்கேயே இருக்கட்டும். இருந்தால் என்ன? பாட்டில் தானாக நடந்து வந்து வாயில் புகாது. இந்த ஆகையினால்கள் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கின்றன என்று அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. பரீட்சையில் இப்படி ஒருநாளும் வந்ததில்லை.

அவன் வேலை மதுரையில் லிஃப்ட் பழுது பார்ப்பது. அதில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. கதவு முழுசாக மூடிப் பூட்டு விழுந்தால்தான் லிஃப்ட் நகர வேண்டும், பொத்தானை அமுக்கின மாத்திரத்தில் நகர்ந்துவிட்டால் அது லிஃப்ட் இல்லை, எமன். பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டைத் தாண்டி ஒரு துண்டு வயரைச் செருகிக்கொள்வார்கள், ஜம்பர் என்று பேர். வேலை முடிந்து அதைக் கழற்ற மறந்தவனால் ஆள் செத்திருக்கிறது. காசி மறந்ததே இல்லை. சிவப்பு வயர்தான் போடுவான், கழற்றிச் சட்டைப் பையில் வைத்து இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் படியிறங்குவான். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் சொந்த விஷயத்தில் என்ன செய்தான்? லேட் என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னதற்கு டீக்கடையில் நின்றபடி வாய்ஸ் மெசேஜில் வேலையை விட்டான், மறுநாள் காலையில் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றான். அப்போது பழகிக்கொண்டிருந்த கிருத்திகாவுக்கு ஒரே சாயங்காலத்தில் முப்பத்தேழு மெசேஜ் அனுப்பினான், முதல் பத்து கெஞ்சல், நடுவில் திட்டு, கடைசி ஏழு மறுபடியும் கெஞ்சல். நல்ல பெண், பத்தோடு நிறுத்தியிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. அந்தக் கோபத்தில் பாலத்தின் மேலிருந்து போனை வைகையில் எறிந்தான். வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று எறிவதற்கு முன்னால் யாராவது பார்ப்பார்களா? மணலில் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற எருமை அதை மோந்து பார்த்தது. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தான், ஸ்கிரீன் கீறல் இன்னும் இருக்கிறது. எல்லாம் இப்போது சிரிக்கிற கதைகள். பார்த்தி சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். சொல்லிச் சிரித்து முடித்து வீட்டுக்கு வந்து படுத்தபின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும், அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னதில்லை என்று சொல்ல முடியாது, ஷர்மிளா மேடத்திடம் பாதி சொன்னான். சுகாதான் ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்சிலிங்குக்குப் பேர் பதிந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள், பல் டாக்டருக்குக் கூட்டிப் போவதைப்போல. போனால் மேடத்துக்கும் அவன் வயதுதான் இருக்கும். குடிக்கணும்னு தோணுறப்ப உள்ள என்ன இருக்குன்னு பாத்து அதுக்கு ஒரு பேர் வைங்க காசி என்றாள். கடுப்பு மேடம். வேற? ஜாலி. வேற? அவன் ஃபேனைப் பார்த்தான். ரெண்டுதானா? நமக்கு ரெண்டு போதும் மேடம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கக் கூடாது என்று பேனாவைத் திறந்து மூடினாள். கை நீளுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மூச்சு விடுங்க, அவ்ளோதான் கேக்குறேன் என்றாள். ஒரு மூச்சு. இதற்கு ஒரு படிப்பு, இதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்று வெளியில் வந்து சுகாவிடம் கேலி பண்ணினான். சுகா அவனுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது பேர் வைத்துப் பார்க்கலாமா? வேறு வேலையும் இல்லை. கடுப்பா? இல்லை. ஜாலியா? அதுவும் இல்லை. பாட்டில் பக்கம் இழுக்கிறதே, அது என்ன? கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் பிசைகிறது, உள்ளங்கை ஈரமாக இருக்கிறது, நவீனின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கூடுகிறது. பயம். அட, பயம்தான். எதற்குப் பயம்? கை நடுங்குமோ என்று. நடுங்கினால் தலை ஆடும், தலை ஆடினால் ஊசி எங்கேயோ இறங்கும், பேச்சியம்மாள் அத்தை மறுபடியும் பாய்ந்து வருவாள், மறுபடியும் இரண்டு கையும் வெறுமனே நிற்கும். பார்த்தி சொன்னது சரிதானே, ரெண்டு வாய், கை நிற்கும். பழைய காசி உள்ளேயிருந்து ரொம்ப நயமாகப் பேசினான், உனக்காகவா குடிக்கிறாய், பிள்ளைக்காக அல்லவா குடிக்கிறாய் என்றான். வலது கை முழங்காலிலிருந்து எழுந்து ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எப்போது போனது? அவன் அதைத் திருப்பி எடுத்துக் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்தான். வயிறு ஏறி ஏறி இறங்கியது. இவ்வளவு சின்ன வயிற்றுக்குள் இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? நேற்று ராகிக் கூழ் குடிக்க மாட்டேன் என்று அவன் சட்டை முழுக்கத் துப்பிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்த வயிறு. கீழே இரண்டு, மேலே இரண்டு, நாலே பல். போன வாரம் வீடியோ காலில் மாமா என்று சொன்னாள். அது ‘மம்மம்’ என்று சுகாவின் புருஷன் குணசேகர் மச்சான் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை, மாமாதான். இதற்கும் ஒரு பேர் வைக்க வேண்டுமா? பாசம் என்றுதான் வைக்க வேண்டும், வேறென்ன வைப்பது, நெஞ்சை அடைக்கிற அளவுக்குப் பாசம். பயமும் அதுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு இருந்ததால் இவ்வளவு நாளாக இரண்டையும் சேர்த்து ஜாலி என்று எழுதியிருக்கிறான்.

கீழே போடவில்லை. ஆனால். இந்த ஆனால் வந்தால் அவன் வழக்கமாக எழுந்து எங்கேயாவது போய்விடுவான், டீ குடிப்பான், வண்டியைத் துடைப்பான், போனை எடுப்பான். இன்றைக்கு எழுந்திருக்க வழியில்லை, மடியில் ஆள் படுத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். முதுகு வழவழவென்று இருந்தது. தலைக்கு மேலே பிடித்திருந்தபோது வலது கையிலிருந்து நழுவியது. முழுசாக நழுவியது. ஒரு சொடக்கு நேரம் அவன் கைகளில் குழந்தை இல்லை. அப்புறம் இடது கை எப்படியோ தொடையைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பேச்சியம்மாள் வந்தாள். பிடுங்கினதாக எல்லோரும் சொல்கிறார்கள், அவள் பிடுங்கவில்லை, வாங்கினாள். இதைப் பத்து மாதமாக யாருக்கும் சொல்லாமல் கீழே போடவில்லை கீழே போடவில்லை என்று கத்திக்கொண்டு திரிந்திருக்கிறான். இப்போது மடியில் இருந்த எட்டுக் கிலோவும் திடீரென்று கனத்தது. அவன் இடது கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். குழந்தை தூக்கத்தில் முனகியது, தளர்த்தினான், மறுபடியும் இறுக்கினான்.

கொட்டகையின் அந்தக் கோடியில் மேளம் விழுந்தது. முதல் குடும்பத்துக் குழந்தைக்குக் காது குத்திவிட்டார்கள், அது போட்ட அலறலில் இதழினி கண்ணைத் திறந்தாள், ஒரு நொடி அவனை யாரென்று பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் அந்தக் குழந்தைக்குத் துணைக்கு இவளும் எடுத்தாள் பாருங்கள் ஒரு சுருதி. இந்தாடா கண்ணு, இந்தாடா தங்கம், மாமா இருக்கேன்ல என்று அவன் ஆட்டினான், ஊதினான், வாழைப்பழத்தைக் காட்டினான். வெயிலில் பானை பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து உட்கார்ந்தாள்.

“தொண்டை காஞ்சு போச்சு பிள்ளைக்கு. தண்ணி எங்க? தண்ணி பாட்டில இங்கதான வச்சேன்? யாரு எடுத்துட்டுப் போனா? சரி, இந்தா கலர் இருக்கு.”

“வேணாம் அத்தை, பிள்ளைக்கு ஒத்துக்காது.”

“ஒரு மூடிதான தம்பி. நாக்க நனைச்சா அமந்துரும். எம் பிள்ளைக மூணுக்கும் இப்பிடித்தான்,” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகி, மூடியிலேயே ஊற்றி, குழந்தையின் பிதுங்கிய உதட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நல்லவேளை அந்தப் பழக்கம் அவனுக்கு இல்லை. வலது கை போய்விட்டது. மூடி எங்கேயோ தெறித்தது, பாட்டில் அவன் கைக்கு வந்துவிட்டது, பாதி அவன் வேட்டியில் கொட்டியது. பேச்சியம்மாள் வெறுங்கையை நீட்டியபடியே அவனைப் பார்த்தாள்.

“என்ன தம்பி இது? கையில இருந்து புடுங்குற?”

ஈ விழுந்திருந்துச்சு அத்தை. அந்தப் பொய் தயாராக, சூடாக, நாக்கின் நுனியில் வந்து நின்றது. நல்ல பொய். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வரலாம், மேளச் சத்தத்தில் யாருக்கும் வாசனை எட்டுவதற்குள் ஆசாரியும் வந்துவிடுவார். வாய் திறந்தது. காசி ஒரு மூச்சு விட்டான். ஒன்றே ஒன்று. அதற்குள் நவீன் தூணை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டதை அவன் பார்த்தான்.

“அதுல பிராந்தி கலந்திருக்கு அத்தை.”

அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். பேச்சியம்மாள் தலையில் கைவைத்து, கருப்பா, பச்சைப் பிள்ளை வாயில வைக்க இருந்தேனே என்றாள், அன்னைக்கும் இப்படித்தான் என்றாள், அம்மா பொங்கல் கரண்டியோடு ஓடி வந்து ஒன்றும் புரியாமலே அழ ஆரம்பித்தாள். குழந்தை மட்டும் இந்த அமளியைப் பார்த்த ஆச்சரியத்தில் அழுகையை நிறுத்திவிட்டது. சுகா வந்தாள். வேட்டியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். அவன் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

“யாருது?”

புளியமரத்தடியில் பார்த்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“எனக்கு வச்சது.”

“யாரு வச்சா?”

“அது எதுக்குக்கா. ஒரு மணி நேரமா பக்கத்துலதான் இருக்கு. எனக்குத் தெரியும். கொட்டச் சொல்லி யார்ட்டயாவது குடுத்திருக்கலாம். குடுக்கல.”

“குடிச்சியா?”

“இல்லக்கா.”

“ஊது.”

பத்தொன்பது வயதிலிருந்து அவள் வாசலில் நிறுத்திக் கேட்கிற வார்த்தை. எத்தனையோ தரம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஊதுவதுபோல நடித்திருக்கிறான், சண்டை போட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை பேர் முன்னால் கேட்டது இதுதான் முதல் தடவை. முகம் சுட்டது. கடுப்பு, இது சுத்தமான கடுப்பு என்று பேர் வைத்தான். வைத்துவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேராக, அடி வயிற்றிலிருந்து ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியிருந்தது.

“வெங்காயச் சட்னி,” என்றாள், மாமியார் பக்கம் திரும்பி. “வெறும் வெங்காயச் சட்னிதான் அத்தை.”

யாரும் சிரிக்கவில்லை. சுகா பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கி மண்ணில் கவிழ்த்தாள். அது குளுகுளுவென்று இறங்கும்வரைக்கும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் இன்னொரு பத்து மாதம் ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

“அக்கா. தொட்டில் போட்ட அன்னைக்கு... வழுக்கிருச்சுக்கா. கீழ போடலன்னு சொன்னேன்ல. ஒரு செகண்டு கையில இல்லக்கா பிள்ளை.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் பெத்த பிள்ளைடா. நான் வேற எங்க பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்?”

அதைத் தெரிந்துகொண்டே பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறாள், தெரிந்துகொண்டே நீதான்டா மாமன் என்றிருக்கிறாள். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள், அழுவதற்குக்கூட வசதிப்படவில்லை.

ஆசாரி வந்துவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் நீரும் தங்கக் கம்பியுமாக எதிரில் சம்மணம் போட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, காற்றில் வந்த வாசனைக்கு ஒருமுறை மூக்கைச் சுளித்ததோடு சரி. அவர் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“தாய்மாமன் யாருங்க?”

நவீன் காலரைச் சரி செய்தான். சுகா மாமியாரைப் பார்த்தாள். காசி இடது கையைத் தளர்த்தத் தயாராக வைத்தான். இந்தத் தடவை பிடுங்க வேண்டியிருக்காது, அவனே கொடுத்துவிடுவான், வேட்டியில் இந்த நாற்றத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உட்காருவது? பேச்சியம்மாள் குனிந்தாள். அவளுடைய எலும்புக் கை அவன் மணிக்கட்டில் பட்டது, அதே இடம். முந்தானை நுனியால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், அவன் கையை எடுத்துக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தாள்.

“ஒக்காந்திருக்கான்ல, அவந்தான்,” என்றாள் ஆசாரியிடம். அப்புறம் இவனிடம், “கெட்டியாப் புடி.”

பிடித்தான். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே பிடித்தான். கம்பி இறங்கியதும் இதழினி கத்தவில்லை, முதலில் மூச்சைப் பிடித்தாள், பிறகு வாய்க்கு அருகில் இருந்த அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு நாலு பல்லும் பதியக் கடித்தாள். உயிர் போகிற வலி. மேளக்காரர்கள் வெளுத்துக் கட்டினார்கள், அம்மா குலவை போட்டாள், ஆசாரி அடுத்த காதுக்கு நகர்ந்தார். காசி கையை எடுக்கவில்லை.